கூலிங் போட்ட ஐஸ்

மீன்பிடித் துறைமுகம் முழுக்க அவரைக் கூலிங் என்றுதான் கூப்பிட்டார்கள். ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யார் எதைக் கேட்டாலும் "இன்னும் கூலிங் பத்தல" என்பாராம். ஐஸ் எப்போது வரும் என்று கேட்டாலும் அதுதான் பதில், கல்யாணம் எப்போது என்று கேட்டாலும் அதுதான் பதில். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் பிறகு உரியவே இல்லை. அவர் மனைவிகூடக் கோபம் வந்தால், "போய் உங்க கூலிங்கையே கட்டிக்கிட்டு அழுங்க" என்பாள்.

ஐஸ் கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். தரைக்குக் கீழே உப்புத் தண்ணீர்த் தொட்டிகள் மூன்று. அந்த உப்புத் தண்ணீருக்குள் ஆளுயரத் தகர அச்சுகள் வரிசையாக நிற்கும். அச்சுக்குள் நல்ல தண்ணீர். பக்கத்து அறையில் கம்ப்ரசர் ஓட, அம்மோனியா குழாய் வழியாகச் சுற்றிவந்து உப்புத் தண்ணீரைக் குளிர வைக்கும். உப்புத் தண்ணீர் உறையாது, உள்ளே இருக்கும் நல்ல தண்ணீர் பாறையாகிவிடும். தொட்டிகளின் மேல் போட்டிருக்கும் மரப்பலகைகளில் நடந்துபோய், அச்சைக் கப்பியில் மாட்டித் தூக்கி, கவிழ்த்து, கண்ணாடி மாதிரி வழுக்கிவரும் ஐஸ் பாரைக் கொக்கியால் இழுத்துச் சரிவில் விட்டால், அது நேராகப் போய் நொறுக்கும் இயந்திரத்தின் வாயில் விழும். அங்கிருந்து குழாய் வழியாகப் படகுக்கு. இதைத்தான் கூலிங் வாலிபத்திலிருந்து தலை நரைக்கும்வரை செய்தார். கம்பெனிக்குள் வேர்த்து ஒழுகும் ஒரே ஆள் அவர்தான் என்று கேலி பேசுவார்கள். "ஊர்ல எல்லாரும் மேலதிகாரிக்கு ஐஸ் வெக்கிறாங்க, நான்தான்யா நிஜமாவே ஐஸ் வெக்கிறேன்" என்று அவரும் திருப்பிக் கொடுப்பார்.

நல்ல காலத்தில் ஐஸுக்கு அடிதடியே நடக்கும். மத்தி கரைக்குப் பக்கத்திலேயே கூட்டங்கூட்டமாக வரும். விடிவதற்குள் போன படகுகள் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும். மீனை இறக்கிவிட்டு, அப்படியே ஐஸை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்பிவிடுவார்கள். கூலிங்கின் மனைவி எதிர்ச்சாரியில் இருந்த மீன் தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். வழவழப்பான ஓடு பதித்த தரை, நீளமான மேஜைகள், முழங்கை வரை செதில் ஒட்டிய பெண்கள். பெரியது, சிறியது, உடைந்தது என்று அவர்கள் கை பிரித்துப்போட, வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். மதியம் இருவரும் ஐஸ் கம்பெனி வாசற்படியில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள்.

அவருக்கு ஒரு தம்பி. அண்ணன் எவ்வளவு நிதானமோ தம்பி அவ்வளவு அவசரம். கரையில் கால் தரிக்காது. சொந்தப் படகு வாங்கி ஓட்டினான். "நீ ஐஸ் போடு, நான் அதுல மீன் போடுறேன். மொத்தத்துல குடும்பம் கெட்டுப்போகாது" என்று சிரிப்பான். அவனுக்கு மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். இரண்டு குடும்பமும் அடுத்தடுத்த தெருதான்.

முதலில் மத்திதான் காணாமல் போனது. ஒரு வருஷம் வரவில்லை. "அடுத்த வருஷம் சேர்த்து வரும்" என்றார்கள். வந்தது, ஆனால் விரல் நீளம்கூட இல்லை. கூடத்தில் பெரியது என்று பிரித்துப்போட எதுவுமில்லாமல் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வருஷம் அதுவும் இல்லை. மீன்வளத் துறையிலிருந்து வந்து பார்த்தவர்கள் கடல் தண்ணீர் சூடாகிவிட்டது, மீன் குளிர்ச்சி தேடி ஆழத்துக்கும் தூரத்துக்கும் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை யாரும் சொல்லித்தான் கூலிங்குக்குத் தெரியவேண்டும் என்றில்லை. அச்சில் ஊற்றும் தண்ணீரே முன்பைவிட வெதுவெதுப்பாக வந்துகொண்டிருந்தது. பார் உறைய முன்னைக்கு இப்போது அதிக நேரம் பிடித்தது. கம்ப்ரசர் மூச்சு வாங்கியது.

இதில் ஒரு வேடிக்கை. மீன் தூரமாகப் போனதில் ஐஸ் கம்பெனிக்கு யோகம் அடித்தது. அன்றைக்குப் போய் அன்றைக்கே வந்த படகுகள் இப்போது நாள் கணக்கில் கடலில் கிடந்தன. நாள் கூடினால் ஐஸும் கூட வேண்டும். வெயிலும் கூடியதால் ஐஸ் சீக்கிரம் கரைந்தது, அதற்கும் சேர்த்து ஏற்றினார்கள். மூன்று தொட்டியும் ஓய்வில்லாமல் ஓடின. முதலாளி கூலிங்கின் சம்பளத்தை உயர்த்தினார். கூலிங் வீட்டுக்கு மாடி எடுத்தார்.

"மீனே இல்லங்கிறாங்க, நீங்க மாடி கட்டுறீங்க. எனக்கு என்னமோ நெஞ்சு அடிச்சுக்குது" என்றாள் மனைவி.

"வர்றப்ப வெச்சுக்கணும். வேணாம்னா சொல்ல முடியும்?" என்றார் அவர். மாடிக்குச் சுவர் எழுந்தது, கூரை எழவில்லை. அதற்குள் படகுகள் வெறும் ஐஸோடு திரும்பத் தொடங்கிவிட்டன.

போகும்போது பாறையாக ஏற்றிய ஐஸ், வரும்போது பாதி தண்ணீராக, மேலே ஒரு கைப்பிடி மீனோடு வரும். டீசல் காசு எழும்பவில்லை. ஒருவர் படகைக் கரையில் கட்டிப்போட்டார், பிறகு இன்னொருவர். கட்டிப்போட்ட படகுகளில் பெயின்ட் உரிந்தது, கயிற்றில் பாசி பிடித்தது. கூடத்தில் பெண்களைப் பாதியாகக் குறைத்தார்கள், பிறகு கூடத்தையே பூட்டிவிட்டார்கள். அன்றைக்கு அவர் மனைவி வீட்டுக்கு வந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். யார் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

ஐஸ் கம்பெனியிலும் ஒரு தொட்டியை நிறுத்தினார்கள். அடுத்த சீசனில் இன்னொன்று. துறைமுகத்து டீக்கடையும் வலை விற்கும் கடையும் அடுத்தடுத்து ஷட்டரை இழுத்தன. மூட்டை தூக்கியவர்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். வெளியூர் பஸ் ஏறுகிறவர்கள் "சும்மா பார்த்துட்டு வரலாம்னு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், திரும்ப மாட்டார்கள்.

இன்னும் சிலரைப் போலத் தம்பியும் படகைக் கட்டிப்போடவில்லை. வீட்டில் இருந்த நகையெல்லாம் டீசலாகிவிட்டிருந்தது. ஒருநாள் காலையில் ஐஸ் கம்பெனிக்கு வந்தான். முகத்தில் சவரம் இல்லை. ஆனால் பேச்சில் பழைய வேகம் இருந்தது.

"அண்ணே, இந்தத் தடவை ரொம்பத் தூரம் போறேன். அங்க பெரிய மீன் ஓடுதுன்னு தகவல் வந்திருக்கு. எப்பவும் ஏத்துறதைவிட ரெண்டு மடங்கு ஐஸ் வேணும்."

"உள்ளே அவ்வளவு எங்கடா புடிக்கும்?"

"உள்ளே புடிச்சது போக மேல்தளத்துல பெட்டி பெட்டியா வெச்சுக்கறேன். கிடைச்சா ஒரேயடியா அள்ளிட்டு வரணும். இன்னொரு தடவை போக என்கிட்ட டீசலுக்கு வழியில்லண்ணே."

"மேல பாரம் வெச்சா படகு ஆடும்டா."

"கடல் கண்ணாடி மாதிரி கெடக்கு. ரேடியோ கேட்டுட்டுத்தான் வந்தேன்."

கூலிங் கொஞ்ச நேரம் கொக்கியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். தம்பியின் கண்ணைப் பார்த்தார். பிறகு கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே போட்டார். ஆளில்லாத கம்பெனியில் தனியாளாக அச்சுகளைத் தூக்கி, நொறுக்கி, பெட்டி பெட்டியாகச் சுமந்துகொண்டுபோய் மேல்தளத்தில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டியதும் அவர்தான். படகு வழக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றதைக் கவனித்தார். தம்பியும் அவனோடு போன ஆட்களும் கையாட்டினார்கள். இவரும் கையாட்டினார்.

கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது உண்மைதான். புயல் வருகிற மாதமும் இல்லை அது. படகு போய்ச் சில நாள் கழித்து எங்கோ ஒரு தாழ்வு நிலை என்று செய்தியில் ஒரு வரி வந்தது. மீனவர்கள் கவனமாக இருக்கவும் என்றார்கள். மறுநாள் காலையில் அதுவே புயல், மதியத்தில் பெரும் புயல். சூடேறிக் கிடந்த கடல் அதற்குத் தீனி போட்டு வளர்த்தது என்று பிறகு சொன்னார்கள். கரைக்குப் பக்கத்தில் மீன் பிடித்திருந்தால் எல்லோரும் செய்தி கேட்டதும் திரும்பியிருப்பார்கள். எல்லோரும்தான் தூரத்தில் இருந்தார்களே.

காற்று ஐஸ் கம்பெனியின் கூரையில் பாதியைக் கொண்டுபோனது. ஊரில் மின்சாரம் போனது. கூலிங் மாடியின் அரைகுறைச் சுவருக்குப் பின்னால் நின்று கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

காற்று ஓய்ந்த பிறகு உடல்கள் கரை ஒதுங்கத் தொடங்கின. இந்தத் துறைமுகத்து ஆட்கள் மட்டுமில்லை, எங்கெங்கிருந்தோ போனவர்களும் வந்து சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரிப் பிணவறை சின்னது, அங்கே மின்சாரமும் இல்லை. சுகாதார அதிகாரி ஒருவர் முதலாளியைக் கூட்டிக்கொண்டு கூலிங்கின் வீட்டுக்கே வந்தார். அதிகாரி அழுதிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"ஜெனரேட்டர்ல ஒரு தொட்டியையாவது ஓட்ட முடியுமா?" என்று கேட்டார். "சொந்தக்காரங்க வந்து அடையாளம் பார்க்கிற வரைக்கும் தாங்கணும். வேற எங்கயும் ஐஸ் இல்ல."

கூலிங் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மனைவியும் கூடவே வந்தாள். "நீ எதுக்கு?" என்றதற்கு, "நான் என்ன செய்யட்டும், வீட்டுல உக்காந்து சுவத்தைப் பார்க்கவா?" என்றாள்.

பூட்டிக்கிடந்த தரம் பிரிக்கும் கூடத்தைத் திறந்தார்கள். ஓடு பதித்த தரை என்பதாலும் கழுவிவிட வடிகால் இருந்ததாலும் அதுதான் தோது என்று முடிவாயிற்று. அவர் மனைவி வேலை பார்த்த மேஜைகளை ஓரமாக இழுத்துப் போட்டார்கள். ஆட்கள் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் ஒவ்வொரு உடலின் மேலும் துணியைச் சரிசெய்து போர்த்தினாள். கூலிங் ஒவ்வொரு முகத்தையும் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஐஸ் எடுக்கப் போனார்.

கைக்குப் பழக்கமான வேலை. கீழே ஒரு அடுக்கு நொறுக்கிய ஐஸ், மேலே ஒரு அடுக்கு, இடைவெளி இல்லாமல் தட்டிவிட வேண்டும். தலைகள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி தான் வரிசை வைத்துக்கொண்டு போவதை அவர் பாதியில்தான் கவனித்தார். பெட்டியில் மீனை அப்படித்தான் அடுக்குவார்கள். மண்வாரியைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடி, படகுக் கயிறு கட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். மனைவி பின்னாலேயே போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி உள்ளே போனார். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, போகாமல் இருக்க முடியாது.

அடுத்த நாள் வந்ததில் ஒருவர் தம்பியின் படகில் என்ஜின் பார்த்தவர். அவருடைய கையில் கிழிந்த தார்ப்பாயின் கயிறு சுற்றியிருந்தது. கூலிங் அந்தக் கயிற்றைப் பார்த்ததும் தன்னுடைய முடிச்சு என்று தெரிந்துகொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. அதை மனைவிதான் பிரித்து எடுத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் தம்பியின் மனைவி வந்தாள். கூடத்தின் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"மாமா, அவரு இருக்காரா?"

"இல்லம்மா."

"இல்லன்னா... இங்க இல்லயா, இல்ல எங்கயுமே இல்லயா?"

கூலிங் மண்வாரியை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். பிறகு படியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தாள். கடைசி உடலும் சொந்தக்காரர்களோடு போய், கூடத்தைக் கழுவிவிட்ட பிறகும் தம்பி வரவில்லை.

வராதது ஒரு விதத்தில் நல்லது என்று கூலிங் நினைக்கத் தொடங்கினார். வேறு நாட்டுக் கப்பல் ஏதாவது தூக்கியிருக்கலாம். ஏதாவது தீவில் ஒதுங்கியிருக்கலாம். அப்படி ஒருத்தன் எப்போதோ திரும்பி வந்தானாம் என்று யார் கதை சொன்னாலும் அவர்களுக்குத் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார். படகு கவிழ்ந்தது பாரத்தாலா, அலையாலா என்ற கேள்விக்கும் அந்தக் கதைகளில்தான் அவருக்குப் பதில் இருந்தது. ஆள் உயிரோடு இருந்துவிட்டால் கேள்வியே இல்லை. மேல்தளத்தில் ஐஸ் ஏற்றாத படகுகளும்தான் கவிழ்ந்தன என்று மனைவி பலமுறை சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை.

உடல் கிடைத்த குடும்பங்களுக்கு நிவாரணம் வந்தது. கிடைக்காதவர்களுக்கு, இறந்துவிட்டார் என்று கூடப் பிறந்தவர் யாராவது அலுவலகத்துக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றார்கள். தம்பி மனைவி வந்து கேட்டாள். அவர் மாட்டேன் என்றார். மறுபடி வந்தாள்.

"அவன் வந்து நின்னா என்ன பண்ணுவே? உசுரோட இருக்கிறவனைச் செத்துட்டான்னு என் வாயால சொல்லச் சொல்றியா?"

அவள் சத்தம் போடவில்லை. "நீங்க நம்பிக்கிட்டு இருக்கலாம் மாமா. எனக்கும் நம்பத்தான் ஆசை. ஆனா சின்னவ நேத்து ராத்திரி பசிக்குதுன்னு சொல்லாம தூங்கிட்டா. சொன்னாக்கூடப் பரவாயில்ல. சொல்லக் கூடாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு."

மறுநாள் இருவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். சுழலும் மின்விசிறி, இரும்பு பீரோக்கள், சுவர் ஓரமாகப் பெஞ்சில் இவர்களைப் போலவே பலர். எழுத்தர் இளவயதுப் பெண். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"காணாமப் போனவர் உங்களுக்கு என்ன உறவு, சார்?"

"தம்பி."

"இறந்துட்டாருன்னு நீங்க நம்புறீங்களா?"

கூலிங் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "படகுல மேல்தளத்துல ஐஸ் ஏத்துனது நான்தான்மா. கேட்டதைவிட ஜாஸ்தியா ஏத்தினேன்."

எழுத்தர் பேனாவை நிறுத்தினாள். தம்பி மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது. பெஞ்சில் இருந்தவர்களும் பார்த்தார்கள்.

"அதெல்லாம் இங்க கேட்கலை சார்," என்றாள் எழுத்தர் மெதுவாக. "இறந்துட்டாருன்னு நம்புறீங்களா, அது மட்டும் சொல்லுங்க."

"செத்துட்டான்" என்றார் கூலிங். எழுத்தருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. "என் தம்பி செத்துட்டான்மா."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது தம்பி மனைவி கையிலிருந்த காகிதங்களை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, "அவரு கேட்டா நீங்க எப்பத்தான் இல்லன்னு சொல்லியிருக்கீங்க?" என்றாள். மன்னித்துச் சொன்னாளா, குற்றம் சொன்னாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

ஐஸ் கம்பெனிக்குக் கூரை மறுபடி போடப்படவில்லை. மிச்சமிருந்த நாலைந்து படகுக்காக யார் போடுவார்கள்? முதலாளி கம்ப்ரசரை உள்மாவட்டத்தில் ஒரு உருளைக்கிழங்குக் குளிர்சாதனக் கிடங்குக்கு விற்றார். குழாயிலிருந்த அம்மோனியாவை இறக்கி, தொட்டியைக் காலி செய்து, இயந்திரத்தைக் கழற்றிக் கொடுத்தது கூலிங்தான். வாங்கியவர்கள் ஆளையும் சேர்த்துக் கேட்டார்கள். கடலிலிருந்து வெகுதூரம். வேறு வழியில்லாமல் போனார். அங்கே யாருக்கும் அவருடைய பட்டப்பெயர் தெரியாது. "பெரியவரே" என்கிறார்கள். கிடங்கின் மூலையில் பலகை போட்டுப் படுத்துக்கொள்கிறார். விடுமுறை கிடைத்தால் பஸ் ஏறி வருகிறார்.

போன முறை வந்தபோது தம்பி வீட்டுக்குப் போனார். பெரியவள் கதவைத் திறந்தாள். தம்பி மனைவி இரண்டு கையையும் தேங்காய் எண்ணெய் தடவி மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து சிவந்திருந்தது. கடல் சூடேறியதிலிருந்து வலையில் மீனுக்குப் பதிலாகச் சொறிமீன் என்கிற ஜெல்லி மீன்தான் குவிகிறதாம். கொழகொழவென்று, தொட்டால் தீயாக எரியும் அதை உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பக் கடற்கரையில் ஒருவர் கொட்டகை போட்டிருக்கிறார். கூடத்தில் வேலை பார்த்த பெண்களில் பலர் இப்போது அங்கேதான், நிவாரணப் பணம் படகுக் கடனோடு போய்விட்டதால் தம்பி மனைவியும் அங்கேதான். கூலிங்கின் மனைவியும் போய்ப் பார்த்தாள், இரண்டாவது நாளே மூச்சுத்திணறல் வந்து நின்றுவிட்டாள்.

"கையுறை தர மாட்டாங்களாம்மா?" என்று கேட்டார் கூலிங்.

"குடுத்தாங்க. கிழிஞ்சிருச்சு."

"அடுத்த தடவை வர்றப்ப எங்க கிடங்குலேர்ந்து நல்லதா ஒரு ஜோடி எடுத்துட்டு வர்றேன்."

"வேணாம் மாமா," என்றாள் அவள், கையைத் திருப்பி மறுபக்கம் எண்ணெய் தடவிக்கொண்டே. "அதுக்குள்ள கொட்டகையே இருக்குமான்னு தெரியல. வாங்குறவங்க விலையைப் பாதியா ஆக்கிட்டாங்களாம். இந்த மாசத்தோட சரிங்கிறாங்க."

சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பெரியப்பாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுப்படிக்குப் போய் மூடியிருந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு மூடினாள். கூலிங் எழுந்து, பையில் கொண்டுவந்திருந்த உருளைக்கிழங்கை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.